எருமைக்குத் தப்பாத கோடு

மரியே துணை
பாப்பாரப்பட்டி வழி,
23.6.1985

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் ராஜமேரி எழுதுவது.

அடுத்த வாந்தி வருவதற்குள் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நான் தலைமுழுகாமல் இருக்கிறேன். நீங்கள் அப்பா ஆகப் போகிறீர்கள். இதை நேரில் சொல்லி உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பட்டாளத்தானுக்கு வாழ்க்கைப்பட்டால் தபாலில்தான் எல்லாம்.

எனக்கு இந்த உலகத்தில் எதுவுமே பிடிக்கவில்லை. களி கிண்டுகிற வாசனை ஆகவில்லை. அத்தை தலைக்குத் தேய்க்கிற ஆமணக்கெண்ணெய் அடுத்த அறையில் இருந்தாலும் குடலைப் பிரட்டுகிறது. ஈஸ்டருக்கு நீங்கள் வாங்கி வந்தீர்களே சோப்பு, பெட்டியைத் திறந்தால் அதுவும் குமட்டுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேற்று அத்தை என்னை நர்சம்மாவிடம் அழைத்துப் போனார். "கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்துன?" என்று நர்சம்மா என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "பொங்கலன்னிக்கிங்க. சனவரி பதினாலு. கோடு போட்டு வச்சிருக்கேன்" என்றார். சமையல்கட்டில் தொங்குகிற கோவில் காலண்டரில் அவர் எனக்கும் கோடு போடுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எருமையைக் கடாவுக்கு விட்ட நாளுக்கு அதே வாரத்தில் ஒரு கோடு இருக்கிறது. அதே பென்சில்தான். வீட்டுக்கு வந்து பார்த்தேன், உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"எனக்கு மாசாமாசம் சரியா வராதுங்க" என்று நர்சம்மாவிடம் சொல்லப் பார்த்தேன். அத்தை தொடையில் கிள்ளினார். அன்று சந்தை நாள், வெளியே கூட்டம். நர்சம்மா என் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒன்பது மாதம் ஏழு நாள் கூட்டி, அக்டோபர் 21 என்று அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டார். அது தப்பு என்று எனக்குத் தெரியும். அட்டையில் இருப்பது அட்டையில் இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன.

பையனாக இருந்தால் என்ன பெயர், பெண்ணாக இருந்தால் என்ன பெயர் என்று யோசித்து எழுதுங்கள்.

உங்கள் ராஜமேரி


C/o 56 ஏ.பி.ஓ.
11.7.1985

ராஜமேரிக்கு, மரியசூசை எழுதுவது.

உன் கடிதமும், அம்மா சொல்லச் சொல்ல கோவில் உபதேசியார் எழுதிய கடிதமும் ஒரே நாளில் கைக்கு வந்தன. இரண்டிலும் அக்டோபர் 21 என்றுதான் இருக்கிறது.

நான் லீவில் வந்து இறங்கியது மார்ச் 21. அப்போது தவக்காலம், விரத நாட்கள். ஈஸ்டர் வரைக்கும் அம்மா என்னை மோட்டார் கொட்டகையில் படுக்க வைத்தது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஈஸ்டர் ஏப்ரல் 7. நான் ரயில் ஏறியது ஏப்ரல் 20. ஏப்ரல் 7-லிருந்து அக்டோபர் 21-க்கு ஆறரை மாதம்தான் வருகிறது. எனக்குக் கணக்கு வராது என்பதால் ஆபீஸ் கிளார்க் அர்ச்சுனனிடம் கொடுத்து இரண்டு தடவை எண்ணச் சொன்னேன். மூன்று பிள்ளை பெற்றவர், விவரம் தெரிந்தவர். அவரும் அதையேதான் சொல்கிறார். ஜனவரியில் நான் பனியில் காவல் நின்றுகொண்டிருந்தேன்.

ஈஸ்டர் அன்று நீயே என்னிடம் சொன்னாய், பொங்கலுக்குப் பிறகு குளிக்கவில்லை என்று. அன்று நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். இப்போது அம்மாவின் கடிதத்தைப் பார்த்த பிறகு அப்படி எடுக்க முடியவில்லை.

நான் உன்னைத் திட்டவில்லை. உண்மையைக் கேட்கிறேன். மாதா சுரூபத்தின் மேல் கை வைத்து, என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுது.

மரியசூசை


அரூர் வழி,
27.7.1985

மாமாவுக்கு,

மேலே இருக்கும் ஊரைப் பார்த்திருப்பீர்கள். நான் அம்மா வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பொம்பளைகளுக்கு அத்தை காலண்டரை எடுத்துக் காட்டியாயிற்று. "எருமைக்குத் தப்பாத கோடு மனுசிக்குத் தப்புமாடி?" என்று கேட்டார். ஆளுக்கு ஒரு பக்கம் விரல் மடக்கினார்கள். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது. மறுநாள் தர்மபுரி போய் அரூர் பஸ் ஏறினேன். மொரப்பூர் வருவதற்குள் மூன்று தடவை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் முதுகைத் தடவிவிட்டு, "எத்தன மாசம்மா கண்ணு?" என்றார். யாருடைய கணக்கைச் சொல்வது?

முகம் தெரியாத ஒரு ஆம்பளை என் தீட்டு நாளை விரல்விட்டு எண்ணியிருக்கிறார், அதுவும் இரண்டு தடவை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இங்கே உபதேசியார் எழுதினார், அங்கே கிளார்க் கூட்டினார். இதை நினைத்தால் வருகிற குமட்டல் வேறு மாதிரி இருக்கிறது மாமா. அது எலுமிச்சம்பழத்தை முகர்ந்தால் அடங்குவதில்லை. அருவருப்பாக இருக்கிறது.

ஈஸ்டர் மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு நீங்கள் கட்டிலில் படுத்திருந்தீர்கள். எனக்கு மாதம் தவறாமல் வராது, வயதுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான், நாற்பது நாளும் ஆகும் மூன்று மாதமும் ஆகும், பத்தாவது படிக்கும்போது நாலு மாதம் வராமல் அம்மா சேலத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார், உடம்புவாகு என்று அவர் சொல்லி அனுப்பினார் என்று எல்லாம் சொன்னேன். பிள்ளை தங்குமோ தங்காதோ என்று எனக்குப் பயம். அதனால்தான் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "எனக்கு லீவு வர்ற மாதிரிதான் ஒனக்கும். வர்றப்ப வரும், வுடு" என்று சிரித்தீர்கள். எனக்கு அப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்தப் பேச்சைத்தான் இப்போது சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள்.

பொங்கலுக்குப் பிறகு தீட்டு வரவில்லை என்பதற்கும் பொங்கலிலிருந்து வயிற்றில் பிள்ளை இருந்தது என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அது உங்கள் கிளார்க்குக்குத் தெரியவில்லை.

மாதா மேல் கை வைக்க மாட்டேன். அவரிடமும் இதே கேள்வியைக் கேட்க, அவருக்கு நிச்சயமான ஒருவர் நினைத்தார். அந்தச் சூசையப்பருக்காவது கனவில் கடவுள் அனுப்பிய ஒரு சம்மனசு வந்து சொன்னது. அவர் பெயரையும் மாதா பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு அர்ச்சுனன்தான் வாய்த்தார்.

ராஜமேரி


C/o 56 ஏ.பி.ஓ.
18.8.1985

ராஜமேரிக்கு,

உன் கடிதத்தில் மரியாதை இல்லை. அது போகட்டும்.

நீ சொல்வது உண்மையாக இருக்கலாம். அம்மா சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் எதை நம்புவது? எருமைக்கு அம்மா சொன்ன நாள் இதுவரை ஒரு தடவையும் தப்பியதில்லை. கன்று போடும் நாள் தெரிய வேண்டும் என்றால் ஊரே அவளிடம்தான் வரும். எனக்கும் மெஸ்ஸில் சாப்பாடு இறங்கவில்லை, நம்பினால் நம்பு.

நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். அக்டோபர் 21 வரை யாரும் எதுவும் பேச வேண்டாம். அந்தத் தேதியை ஒட்டிப் பிறந்தால் உன் வழி வேறு, என் வழி வேறு. பிறக்காவிட்டால் மேற்கொண்டு யோசிப்போம். இதைவிட நியாயமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மரியசூசை


அரூர் வழி,
5.9.1985

மாமாவுக்கு,

நீங்கள் வைத்த கெடு வந்து சேர்ந்தது.

இந்தப் பக்கத்து நர்ஸ் பெயர் காவேரி. நேற்று முன்தினம் போனேன். அட்டையை வாங்கிப் பார்த்தார். என்னைப் பெஞ்சில் படுக்க வைத்து, கையால் அமுக்கிப் பார்த்தார், பிறகு டேப் வைத்து அளந்தார். அட்டையை மறுபடி பார்த்தார். "இந்தத் தேதிப்படி முப்பத்து மூணு வாரம் வருது. வயிறு தொப்புளுக்கு மேல ரெண்டு வெரல்தான் நிக்குது. யாரும்மா சொன்னது இந்தத் தேதிய?" என்றார். அத்தை, பென்சில், காலண்டர் எல்லாம் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். எனக்காக இன்னொருவர் முகம் சுளித்ததைப் பார்த்ததும் அங்கேயே அழுதுவிட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒம்பது மாசம் ஏழு நாள் கூட்டறதெல்லாம் மாசாமாசம் தவறாம வர்றவளுக்குதாம்மா. மூணு மாசத்துக்கு ஒருக்கா வர்றவளுக்குக் கரு தங்கறதும் தள்ளித்தான் தங்கும். ஒனக்குப் பொங்கல வச்சு எண்ணவே கூடாது. வயித்த அளக்கணும், மொத அசைவு எப்பன்னு கேக்கணும், மாசம் ஒருக்கா வரச்சொல்லி வளத்திய பாக்கணும்."

முதல் அசைவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. முறத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ விரலால் லேசாகச் சுண்டியது போல இருந்தது. தலைச்சனுக்கு அது ஐந்தாம் மாதத்தில் தெரியும், அதற்குமேல் இருபது வாரம் என்று அவர் கணக்குப் போட்டார். அக்டோபர் 21-ஐ அடித்துவிட்டு, டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி முதல் வாரம், இரண்டு வாரம் முன்னே பின்னே ஆகலாம் என்று எழுதினார். ஒரே நாளாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "அப்படிச் சொன்னா நானும் பொய் சொன்னவளாயிடுவேன்" என்றார்.

நீங்கள் நம்ப வேண்டும் என்று இதை எழுதவில்லை. காவேரி நர்ஸ் எழுதிப் போடச் சொன்னதால் எழுதுகிறேன்.

உங்கள் கெடுவைப் பற்றி ஒன்றே ஒன்று. இந்தப் பிள்ளை அக்டோபர் 21-ல் பிறந்தால் அது ஏழு மாதப் பிள்ளை. அரூரில் அதைப் பிழைக்க வைக்க ஆள் இல்லை. அது செத்துவிடும், செத்த பிறகு உங்கள் அம்மா சொன்னது சரி என்றும் ஆகிவிடும். இதையா நியாயம் என்கிறீர்கள்?

ராஜமேரி


C/o 56 ஏ.பி.ஓ.
2.11.1985

அன்புள்ள ராஜமேரிக்கு,

21-ம் தேதி போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. உன்னிடமிருந்தோ உன் அப்பாவிடமிருந்தோ தந்தி இல்லை. பிள்ளை பிறக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். வேறு ஏதும் ஆகிவிடவில்லையே? உடனே எழுது.

உன் செப்டம்பர் கடிதத்துக்கு நான் பதில் போடாதது தப்புதான். ஐந்தாறு தடவை எழுதிக் கிழித்தேன். நீ எழுதியதை அர்ச்சுனனிடம் சொன்னேன். தான் அப்படி உறுதியாகச் சொல்லவே இல்லை, கூட்டச் சொன்னதைக் கூட்டினேன், அவ்வளவுதான் என்கிறார்.

அம்மா மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறாள். சில பெண்கள் நாள் தாண்டிச் சுமப்பார்களாம். எருமைக்குப் பத்து மாதம் பத்து நாள், மாதத்துக்கு முப்பது நாள் வைத்து அந்தக் கணக்கில் பார்த்தால் நவம்பர் 20-க்கு மேல் போகாது என்கிறாள். நான் அதை நம்பவில்லை. எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆனாலும் 20 தாண்டியதும் ஒரு வரி எழுதிவிடு.

உன் மரியசூசை


அரூர் வழி,
14.11.1985

மாமாவுக்கு,

உங்கள் அம்மா என்னைக் கடைசியில் எருமையாகவே ஆக்கிவிட்டார். நீங்களும் அதை நம்பவில்லை என்று எழுதிவிட்டு, தேதி தாண்டியதும் எழுதச் சொல்கிறீர்கள். வாசித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே போட்டுக் கையைக் கழுவினேன். நிஜமாகவே கழுவினேன்.

ஒரு வரி என்ன, முழுதாகவே சொல்கிறேன்.

அக்டோபர் 19 காலையில் குடத்தை இறக்கும்போது அடிவயிற்றில் சுளீரென்று பிடித்தது. அப்புறம் விட்டு விட்டு வலித்தது. அப்பா வாடகைக் காருக்கு ஓடினார். அரூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தேன், ஊசி போட்டார்கள். அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். காவேரி நர்ஸ் தன் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வலி அடங்கிவிட்டது. பிள்ளை இன்னும் உள்ளேதான் இருக்கிறது, உதைக்கிறது.

இதை அப்பாவும் அம்மாவும் உங்களுக்கு எழுதியிருப்பார்கள், நான்தான் கூடாது என்றேன். ஏன் என்று சொல்கிறேன். வலி வந்ததும் என் மனதில் முதலில் தோன்றியது, ஐயோ பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்பதல்ல. ஐயோ, அந்தத் தேதி வந்துவிட்டதே என்பதுதான். பிள்ளை சாகப் போகிறது, தாய்க்காரி தேதியை எண்ணுகிறாள். பிள்ளையின் நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. என்னைப் பார்த்தே எனக்கு அருவருப்பாக இருந்தது. உங்களோடு, உங்கள் அம்மாவோடு, அந்தக் கிளார்க்கோடு நானும் வரிசையில் உட்கார்ந்து விரல் மடக்கியிருக்கிறேன். நீங்கள் சந்தேகப்பட்டதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன் போலிருக்கிறது. என்னை இப்படி எண்ண வைத்ததை மறக்க முடியவில்லை.

20 தாண்டியதும் நான் எழுதமாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

ராஜமேரி


C/o 56 ஏ.பி.ஓ.
22.1.1986

என் அன்பான ராஜமேரிக்கு,

மாமனார் அடித்த தந்தி சுற்றிக்கொண்டு தாமதமாக வந்தது. பெண் குழந்தை, ஜனவரி 3, தாயும் சேயும் சுகம். முகாம் முழுக்க ஜிலேபி கொடுத்தேன். ஏப்ரல் 7-லிருந்து எண்ணினேன், இருநூற்று எழுபத்தொரு நாள் வருகிறது. அர்ச்சுனனும் எண்ணிப் பார்த்து, இம்மி பிசகவில்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் செய்தது பாவம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். உன் நவம்பர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், மறுபடி பிரிக்கத் தைரியம் வரவில்லை.

அம்மாவும் மனம் கலங்கிப்போயிருக்கிறாள். பேத்தியைப் பார்க்கக் கிளம்புகிறாள். அவளும் வயதானவள், தெரியாமல் செய்துவிட்டாள், முகம் கொடுத்துப் பேசு.

மார்ச்சில் எனக்கு லீவு கிடைக்கும். நீயும் பாப்பாவும் எந்தத் தேதியில் நம் வீட்டுக்கு வருவீர்கள் என்று எழுது. அதற்குத் தகுந்தபடி லீவு போடுகிறேன். தேதியை மட்டும் எழுதினால் போதும்.

உன் மரியசூசை


அரூர் வழி,
10.2.1986

மாமாவுக்கு,

பாப்பா சுகம். வெள்ளிக்கிழமை எடை போட்டார்கள், நன்றாக ஏறியிருக்கிறாள். பிறந்தபோது காவேரி நர்ஸ்தான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, அவ நாளு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

அத்தை வந்திருந்தார். பேறுகால மருந்து இடித்துக் கொண்டுவந்தார், கருப்பட்டி, பூண்டு எல்லாம் கொண்டுவந்தார். பாப்பாவின் காதை மடக்கிப் பார்த்து, "எம்புள்ள காதுங்க, அப்படியே அச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். கால்விரலைப் பார்த்தார், மச்சம் இருக்கிறதா என்று முதுகைப் புரட்டிப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதுபோல இருந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். நீங்கள் சொன்னபடி முகம் கொடுத்துப் பேசினேன். காபி போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும் ஒரு நிமிடம் மனசு இளகியது உண்மை.

அப்புறம் அம்மாவைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, "அவளுக்குத் தீட்டு நின்னுப்போச்சுங்களா? தலைக்கு எப்ப ஊத்துனீங்க?" என்று கேட்டார். அம்மா ஏதோ ஒரு கிழமையைச் சொன்னார். அத்தை சுருக்குப்பையை அவிழ்த்தார். காசு எடுக்கப் போகிறார், பாப்பா கையில் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். எடுத்தது அந்தப் பென்சில். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற புதுக் காலண்டரைப் பார்த்து நடந்தார்.

பாப்பா ஒரு கையில், இன்னொரு கையால் அந்தக் காலண்டரை ஆணியோடு பிடுங்கினேன். மடியில் வைத்து அதன்மேல் பாப்பாவைப் படுக்க வைத்து உட்கார்ந்துகொண்டேன். "என்னாடி இது, நல்லதுக்குத்தான செய்யறேன்" என்றார். வாயைத் திறந்திருந்தால் வாந்தி எடுத்திருப்பேன், பிள்ளை பெற்றவளுக்கு இன்னும் என்ன வாந்தி என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டிருப்பார்.

இருநூற்று எழுபத்தொரு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதையும் கிளார்க்கிடம் கொடுத்து எண்ணியிருக்கிறீர்கள். கணக்கு சரியாக வந்தது என்பதற்காக ஜிலேபி கொடுத்தீர்கள். பத்து நாள் முந்தியோ பிந்தியோ பிறந்திருந்தால் என்ன கொடுத்திருப்பீர்கள் மாமா? காவேரி நர்ஸ் அன்றே சொன்னார், முன்னே பின்னே ஆகும் என்று. பாப்பாதான் பெரிய மனசு பண்ணி உங்கள் கணக்குக்குள் வந்து பிறந்திருக்கிறாள். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மகளைப் பார்க்க உங்களுக்குப் பாத்தியம் இருக்கிறது. மார்ச்சில் வாருங்கள். அப்பா கூடத்தில் பாய் போட்டுக் கொடுப்பார். பாப்பாவைத் தூக்கிக்கொள்ளுங்கள். அவள் காதைப் பார்க்க வேண்டாம், முகத்தைப் பாருங்கள்.

அந்த வீட்டுக்கு நான் எப்போது வருவேன் என்று தேதி கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. இந்த வருஷமும் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம், வராமலே போனாலும் போகலாம். யாரிடமும் கொடுத்து எண்ணச் சொல்லாதீர்கள். ஈஸ்டர் மத்தியானம் நீங்கள் எனக்குச் சொன்னதைத்தான் இப்போது நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

வர்றப்ப வரும், வுடுங்க.

ராஜமேரி